சமைக்கத் தெரியாதவரின் சமையல் நேரம்

"திருமதி லவோன் ஜேடன், இல்லத்தரசி. சமையல் குறிப்புகளும் வீட்டுப் பராமரிப்பு யோசனைகளும் வழங்குபவர். அரசியல் கருத்துகள் இல்லாதவர்."

நியூ எம்டன் வானொலி நிலையம் தன் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வாஷிங்டனுக்கு அனுப்பிய தாள்களில் அவரைப் பற்றி இப்படித்தான் இருந்தது. இதில் உண்மையாக இருந்தவை இரண்டு: அவருடைய பெயர், அவருக்குத் திருமணமாகியிருந்தது என்கிற செய்தி.

இல்லத்தில் இருந்தார் என்பதை மறுக்கவில்லை. நிகழ்ச்சியே அவர் வீட்டு அடுப்படியிலிருந்துதான் போகும். அயோவாவில் அது அதிசயமல்ல. மக்காச்சோளமும் பன்றியும் விளையும் அந்த மாநிலத்தில், காலை நேரத்தில் தன் சமையலறையிலிருந்து ஊருக்கே பேசும் ஒரு பெண்மணி பல நிலையங்களில் உண்டு. மற்ற பெண்மணிகள் ஜாம் கிண்டுவது எப்படி என்று சொன்னார்கள். லவோன் அடுப்பைப் பற்றவைத்தால் அவர் வீட்டு நாய் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடும். அரசியல் கருத்து விஷயத்திலோ, மாவட்ட வடிகால் குழுவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை அவருக்குக் கருத்து இல்லாத இடமே கிடையாது. அவருக்கு உறுதியான கருத்து இல்லாத ஒரே விஷயம் உப்பு.

நான் அந்த ஊர் ஜூனியர் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைதோறும் லவோனின் நிகழ்ச்சியில் கொஞ்ச நேரம் பழைய கதை பேச என்னைக் கூப்பிடுவார். முப்பதுகளின் பொருளாதார மந்தக் காலத்தில் ஒரு பண்ணை ஏலத்துக்கு வந்தால், அக்கம்பக்கத்து விவசாயிகள் கூடி நின்று, ஒரு குதிரைக்கு ஒரு காசு, ஒரு கலப்பைக்கு ஒரு காசு என்று கேட்டு, வாங்கியதையெல்லாம் உரியவரிடமே திருப்பிக் கொடுத்த கதை போன்றவை. கூடுதலாகக் கேட்க நினைத்த வெளியூர்க்காரனின் தோளில் யாராவது அன்பாகக் கை வைப்பார்கள். அதைச் சொல்லும்போது என் இரண்டு கைகளும் பிசைந்த மாவுக்குள் இருந்தன. எல்லார் கைகளும் அப்படித்தான் இருக்கும். அது அந்தச் சமையலறையின் விதி.

விதி தற்செயலாகப் பிறந்தது. முதன்முதலில் அவருடைய நிகழ்ச்சிக்கு வந்த மாவட்ட அதிகாரி ஒருவர், பதில்களை அட்டைகளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ரொட்டி மாவை எவ்வளவு நேரம் பிசைய வேண்டும் என்று லவோனுக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்க, "நீங்க கொஞ்சம் பிசைஞ்சு பாருங்களேன்" என்று பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டார். மனிதர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு இறங்கினார். அப்புறம்தான் வேடிக்கை. கை முழுக்க மாவு; அட்டையைத் தொட முடியவில்லை. சாலைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று லவோன் கேட்டார். அவர் அட்டையைப் பார்த்தார், மாவைப் பார்த்தார், பிறகு வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அந்த மேசைக்கு வந்தவர் யாரானாலும் முதலில் மாவு, பிறகுதான் ஒலிவாங்கி. மாநில ஆளுநர் பதவிக்கு நின்றவர்களும் பிசைந்தார்கள். தப், தப், தப் என்று மேசைமேல் மாவு அடிபடும் சத்தம்தான் நிகழ்ச்சிக்கு மத்தளம். கேட்பவர்கள் பேச்சை விட அந்தச் சத்தத்தைக் கவனித்துக் கேட்டார்கள். டிராக்டரில் இருப்பவன், முட்டை பொறுக்குகிறவள், முடிதிருத்தகத்தில் உட்கார்ந்திருப்பவன், எல்லாருக்கும் அது தெரியும்: தப் நின்றால் பொய் ஒன்று தயாராகிறது. தொலைக்காட்சிக்காரர்கள் முகத்தைக் காட்டினார்கள். அரசியல்வாதிக்கு முகத்தை அடக்கத் தெரியும். கையை அடக்க யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

1974 செப்டம்பரில் எங்கள் தொகுதி உறுப்பினர் வெண்டெல் ஸ்ட்ரவுட் வந்தார். வாஷிங்டனில் பல காலமாக எங்களுக்காக உட்கார்ந்திருந்தவர். நல்ல மனிதர், யாருடைய இழவுக்கும் வராமல் இருந்ததில்லை. ஜூலை சுதந்திர தின ஊர்வலத்தில் கார் மேல் நின்று, "நம்ம ஊர்க் கிளை ரயில்பாதைய எவனும் தொட முடியாது" என்று கத்தியிருந்தார். அந்தப் பாதை போனால் எங்கள் கூட்டுறவுத் தானியக் கிடங்கும் போகும். கிடங்கு போனால் ஊரில் மிச்சம் இருப்பது ஒரு தேவாலயமும் கருத்துகளும்தான்.

"இன்னும் அழுத்திப் பிசைங்க வெண்டெல். மாவு ஒண்ணும் பயந்துடாது" என்றார் லவோன்.

"எங்கம்மா பிசையறத எத்தனை தடவ பாத்திருக்கேன் தெரியுமா?"

"பாத்திருக்கீங்க. சரி. ரயில்பாதைய மூடறாங்களா இல்லையா?"

"அதப் பத்தி எல்லாத் தரப்பையும் கலந்து பேசி, ஒரு பரந்த நோக்கோட..."

தப் நின்றது. லவோன் எதுவும் சொல்லவில்லை. வானொலியில் மௌனம் என்பது வீட்டில் தீப்பிடித்த மாதிரி. அறிவிப்பாளர்கள் எதையாவது ஊற்றி அணைக்க ஓடுவார்கள். லவோன் அதை எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மாவு நின்னுபோச்சு வெண்டெல்" என்றார் கடைசியில்.

ஸ்ட்ரவுட் சிரித்தார். மறுபடி பிசைய ஆரம்பித்தார். இரண்டு தப், மூன்று தப். "மூடத்தான் போறாங்க லவோன்" என்றார், தன் அம்மாவிடம் சொல்வது போல. "வசந்த காலத்துலயே முடிவாயிடுச்சு."

அந்த நேரத்தில் வயலில் டிராக்டர்கள் நின்றன என்று பிறகு சொன்னார்கள். நம்புகிறேன். கூட்டுறவுக் கிடங்கில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து தண்டவாளத்தைப் பார்த்தார்களாம், அது இன்னும் இருக்கிறதா என்று.

ஸ்ட்ரவுட்டின் ஆட்களுக்கு இந்தப் புண்ணுக்கு மருந்து தேவைப்பட்டது. மருந்து பன்றி இருமலில் கிடைத்தது.

நவம்பர் தேர்தலில் ஸ்ட்ரவுட்டை எதிர்த்து நின்றவர் ரோஸ்மேரி கெல்சோ, எங்கள் மாவட்டக் கால்நடை மருத்துவர். அக்டோபரில் ஒரு புதன்கிழமை லவோன் அவரை அழைத்து, பண்ணைகளில் பரவிக்கொண்டிருந்த பன்றி இருமலைப் பற்றி அரை மணி நேரம் கேள்வி கேட்டார். கெல்சோ தேர்தலைப் பற்றி மூச்சு விடவில்லை. சளியின் நிறம் பற்றித்தான் பேச்சு. எங்கள் யாருக்கும் தப்பாகப் படவில்லை. பன்றி இருமினால் கால்நடை மருத்துவரைத்தானே கூப்பிடுவார்கள்? ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவர் மருத்துவர் இல்லை, வேட்பாளர்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை மாலை, நிலைய மேலாளர் மெர்ல் ஐலர்ஸ் ஜேடன் வீட்டுச் சமையலறைக்குள் தொப்பியைக் கழற்றாமல் நுழைந்தார். வியாழக்கிழமைப் பேச்சைப் பற்றிச் சொல்ல நான் அங்கே இருந்தேன். லவோனின் கணவர் ஆர்லோ, பெரிய உருவம், பன்றி வளர்ப்பவர், அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"லவோன், ஸ்ட்ரவுட்டோட வக்கீல் வந்திருந்தான்" என்றார் மெர்ல். "சம நேரம் கேக்கறான். ஒரு வேட்பாளருக்கு எவ்வளவு நேரம் குடுத்தோமோ, கேட்டா மத்தவருக்கும் அவ்வளவு குடுக்கணும். சட்டம்."

"பன்னி இருமலப் பத்திப் பேச வெண்டெலுக்கு என்னடா தெரியும்?"

"எதப் பத்தி வேணா பேசலாம். அதான் சட்டம். நாம குறுக்கே வாயத் தொறக்கக் கூடாது. உன் அரை மணி நேரத்துல வந்து, எழுதிட்டு வந்தத வாசிச்சுட்டுப் போவாரு. கேள்வி கெடையாது. மாவு கெடையாது."

லவோன் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

"ஒருத்தர் அப்படி வந்துட்டா அப்புறம் எவன்டா மாவுல கை வைப்பான்? எல்லாரும் எருமை மாதிரி அட்டையத் தூக்கிட்டு வந்து வாசிப்பானுங்களே!"

"அதத்தான் நானும் சொல்றேன். வாஷிங்டன்ல நம்ம வக்கீல்கிட்ட பேசினேன். செய்திப் பேட்டி நிகழ்ச்சின்னா இந்தச் சட்டமே செல்லாதாம். கேள்வி கேக்கறவங்க கையில லகான் இருந்தா விலக்கு உண்டாம்."

"அப்ப முடிஞ்சுபோச்சு. நான்தான் கேக்கறேன்."

மெர்ல் இப்போது தொப்பியைக் கழற்றினார். "நம்ம தாள்ல சமையல் நிகழ்ச்சின்னு இருக்கு."

"எந்தக் கழுத எழுதினான்?"

"நான்தான். மாவு மில்லுக்காரன் விளம்பரம் குடுக்கறான்ல? சமையல்னு போட்டா அவனும் குளிர்வான், வாஷிங்டனும் சந்தேகப்படாதுன்னு..." அவர் குரல் தேய்ந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள நாம பதில் சொல்லணும். வியாழன் நிகழ்ச்சிக்கு அந்த வக்கீலே வந்து உக்காந்து பாக்கறேன்னான். சமையல்தான்னு சாட்சி சொல்ல."

லவோன் மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "அப்ப இது சமையல் நிகழ்ச்சி இல்லன்னு காட்டிட்டாப் போதும். அப்படித்தானே?"

அடுப்பருகே ஆர்லோவின் கரண்டி நின்றது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லவோன் வானொலியில் சொன்ன எல்லாச் சமையல் குறிப்புகளும் ஆர்லோவுடையவை. விருந்தினருக்கு வைக்கும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்கள் ஆர்லோ முந்தின நாளே சுட்டவை. நிகழ்ச்சியில் பிசையப்பட்ட மாவு பன்றிகளுக்குப் போகும். ஆளுநர்கள் பிசைந்ததும் அங்கேதான் போனது. இதை அறிந்தவர்கள் அந்த அறையில் இருந்த நாங்கள் மட்டுமே என்று நினைத்திருந்தோம். மாவட்டக் கண்காட்சியில் கேக் போட்டிக்கு லவோன் நடுவராகக்கூட இருந்தார். அந்த நாற்காலி போவது ஒரு பக்கம். பன்றி வளர்க்கும் ஒரு மனிதன், காலையில் கூட்டுறவுக் கிடங்கில் மற்ற ஆண்களோடு காப்பி குடிக்கிற மனிதன், இரவில் ஏப்ரன் கட்டிக்கொண்டு ரொட்டிச் சுருள் சுடுகிறான் என்று ஊருக்குத் தெரிந்தால் என்னாகும் என்பது இன்னொரு பக்கம்.

"வேணாம்னா சொல்லல ஆர்லோ" என்றார் லவோன். குரலில் வழக்கமான முரசு இல்லை. "நெசமாத்தான். உன் பேரு, உன் கௌரவம். வெண்டெல் வந்து வாசிச்சுட்டுப் போகட்டும்."

ஆர்லோ திரும்பவில்லை. பாத்திரத்தை மெதுவாக இறக்கினார். அவர் பேச்சு எப்போதும் பத்தாயக் கதவு மாதிரி, திறக்க நேரமாகும்.

"வியாழக்கிழமைக்கு நான் சுடல" என்றார். "நீயே சுடு."

லவோன் அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மெர்லுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை அந்தச் சமையலறை வாசம் எப்படி இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. நாய் கொல்லையைத் தாண்டி அடுத்த வயலில் நின்றது. ஸ்ட்ரவுட்டின் வக்கீல் டக்ளஸ் பின்னி சரியான நேரத்துக்கு வந்தார். இளைஞர், மடிப்புக் கலையாத சட்டை, மடியில் குறிப்புத்தாள். லவோன் வரவேற்றார், உட்கார வைத்தார், பாத்திரத்தை அவர் முன் தள்ளினார்.

"நான் பாக்கத்தான் வந்தேன் மேடம்."

"இந்த மேசையில சும்மா பாக்கறவங்க கெடையாது தம்பி. சட்டைக்கையக் கொஞ்சம் மேல இழுத்துக்கோ."

ஒலிபரப்பு தொடங்கியதென்று சிவப்பு விளக்கு எரிந்தது. வக்கீலின் கை மாவுக்குள் போய்விட்டிருந்தது. எப்படிப் போனது என்று அவரைக் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. எழுதிவந்த குறிப்புத்தாள் மடியில் கிடந்தது, எட்டும் தூரத்தில், தொட முடியாத தூரத்தில்.

"வணக்கம் நியூ எம்டன்" என்றார் லவோன். "இன்னிக்கு வக்கீல் டக்ளஸ் பின்னி வந்திருக்காரு. இது சமையல் நிகழ்ச்சின்னு சொல்றாரு. தம்பி, அப்படித்தானே?"

தப், தப். "ஆமா. நிலையத்தோட தாள்லயே அப்படித்தான் இருக்கு."

"தாள விடு. நீ சொல்லு."

தப். "சமையல் நிகழ்ச்சிதான்."

"சந்தோஷம். அப்ப சாப்பிட்டுப் பாத்துச் சொல்லு. இந்தச் சுருள் நானே சுட்டது. என் கையால. வாயத் தொற."

கை இரண்டிலும் மாவு. லவோனே ஒரு துண்டு பிய்த்து ஊட்டிவிட்டார். பக்கத்தில் நின்ற நான் பின்னியின் முகத்தைப் பார்த்தேன். ஆனால் மாவட்டம் முகத்தைப் பார்க்கவில்லை, கேட்டது. தப் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அவர் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் நின்றது. லவோன் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வானொலி வரலாற்றிலேயே நீளமான மௌனம் அது என்று மெர்ல் பிற்பாடு பெருமையடித்துக்கொண்டார்.

"சட்டம் படிச்சவன் நீ" என்றார் லவோன் கடைசியாக. "ஊரே கேக்குது. இது சமையலா?"

பின்னி கஷ்டப்பட்டு விழுங்கினார். பாவம், நேர்மையான பையன். மறுபடி மெதுவாக ஒரு தப்.

"இல்ல மேடம்" என்றார். "இத நான் எந்தக் கோர்ட்டுலயும் சமையல்னு சொல்ல முடியாது."

தொலைபேசி மணி அடித்தது. லவோன் ரிசீவரை எடுத்து ஒலிவாங்கியருகே வைத்தார். பேசியவர் ஹில்ட்ரெட் பாப்பன், தேவாலயச் சமையற்கூடத்தை ஆளும் பெண்மணி.

"லவோன், அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடு மொதல்ல. ஏம்மா, உனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? போன ஈஸ்டருக்கு நீ கொண்டுவந்த ரொட்டிய நாங்க கதவுக்கு முட்டுக் குடுக்க வெச்சிருக்கோம்!"

"தெரிஞ்சும் ஏன் ஹில்ட்ரெட் இத்தனை நாள் கேட்ட?"

"உன் குறிப்பக் கேக்கவா நான் ரேடியோ போடறேன்? அடுத்தவன் திணர்றதக் கேக்கத்தான்! ஆனா அந்தக் குறிப்பெல்லாம் வீட்டுல செஞ்சா நல்லா வருதே, அது யாரோடது?"

முதல் தடவையாக லவோனின் கைதான் நின்றிருந்தது. கதவோரத்தில் இருந்த ஆர்லோ, பூட்ஸ் சத்தம் கேட்க நடந்து வந்து, ஒலிவாங்கிக்கு மிக அருகே குனிந்தார். அதற்கு முன் அவர் வானொலியில் பேசியதில்லை. அதனால் கத்தினார்.

"என்னோடது ஹில்ட்ரெட்! சுருளும் என்னோடதுதான்!"

சற்று யோசித்து, "வெண்ணெயக் குறைக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அதன்பின் அந்த மணி ஓயவே இல்லை. லவோன் கொடுத்த கேக்கைத் தன் நாய் குழி தோண்டிப் புதைத்ததாக ஒருவர் சாட்சி சொன்னார். கூட்டுறவுக் கிடங்கிலிருந்து ஒரு முரட்டுக் குரல், "ஆர்லோ, நாளைக்கு ஏப்ரன் கட்டிட்டு வா" என்று கிண்டலடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தச் சுருளுக்கு மாவு எவ்வளவு நேரம் ஊறணும்? வீட்டுல கேக்கறா" என்றது. அவன் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவன் மனைவி தையல்கூடத்தில் இருந்து அதை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னி விடைபெறும்போது கைகளைக் கழுவிக்கொண்டு, "மேடம், நான் இன்னும் உங்களுக்கு எதிர்க்கட்சி வக்கீல்தான்" என்றார். "தெரியும் தம்பி. முந்தாநேத்து ஆர்லோ சுட்டது ரெண்டு மிச்சம் இருக்கு, எடுத்துட்டுப் போ" என்றார் லவோன். எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வாஷிங்டன் வக்கீல் ஒலிநாடாவைத் தொலைபேசியிலேயே போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, சமையல் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை என்றார். சம நேரம் தரத் தேவையில்லை. மெர்ல் தாளைத் திருத்தினார்: செய்திப் பேட்டி நிகழ்ச்சி. ஸ்ட்ரவுட்டுக்கு எல்லாரையும் போல அழைப்பு போனது. மனிதருக்குத் துணிச்சல் இருந்தது. தேர்தலுக்கு முன் வந்தார், அட்டை இல்லாமல், சட்டைக்கையை வீட்டிலேயே மடித்துக்கொண்டு.

முடிவு நியாயமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஸ்ட்ரவுட் ஜெயித்தார், எங்கள் மாவட்டத்தில் மட்டும் தோற்றார். கெல்சோ மறுபடி பன்றிகளிடம் போனார், இருமல் குறைந்தது. ரயில்பாதையை மூடினார்கள். கிடங்குக்காரர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டதால் லாரிகளைப் பிடித்து, அந்த அறுவடையைக் காப்பாற்றினார்கள். கிடங்கு இன்னும் நிற்கிறது. மாவு மில்லுக்காரர் விளம்பரத்தை நிறுத்துவார் என்று பயந்தோம். அவர் விளம்பரத்தில் பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்: "ஆர்லோ ஜேடன் நம்பும் மாவு." கேக் போட்டிக்கு அடுத்த ஆண்டிலிருந்து நடுவர் ஆர்லோ. லவோன் வெளியே நின்று, நடுவர் தேர்தலில் முறைகேடு உண்டா என்று ஒலிவாங்கியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓட்டுக் கேட்டு எங்கள் மாவட்டத்துக்கு வந்தவர்களை, லவோன் ஜேடன் தன் சமையலறை மேசைக்கு முன் நிறுத்தி, கையில் மாவைக் கொடுத்து, ஊர் கேட்க நினைத்ததைக் கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார்.